சொந்தப் பயன்பாட்டுக் கஞ்சாவுக்குச் சிறைத் தண்டனை நீங்க மனு எழுதுவது எப்படி: வட ஆற்காட்டுக்காரர்களுக்கு

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போய், 'கஞ்சா சட்டத்தை மாற்றுங்கள்' என்று ஒரு மனு கொடுத்தால் என்ன ஆகும்? எண் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும். மனு எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும். 'மனுதாரரின் கோரிக்கை இவ்வலுவலக அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல' என்று ஒரு வரியில் பதில் வரும். முகவரி தப்பிய மனுவெல்லாம் இப்படித்தான் முடியும்.

கஞ்சா வழக்குகள் வரும் என்.டி.பி.எஸ். சட்டம் (போதைப்பொருள், மனமயக்கப் பொருள்கள் சட்டம்) 1985-ல் நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டம். அதில் உள்ள தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் அதிகாரம் கிடையாது. மாநிலச் சட்டமன்றம் அதற்கு முரணாக ஒரு திருத்தம் கொண்டுவந்தாலும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தராமல் செல்லாது. ஆனால் இருக்கிற சட்டத்துக்குள்ளேயே ஆளைக் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுப்பது, சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விடுபடும் வழியைச் சொல்வது, இலவச வக்கீல் தருவது எல்லாம் மாவட்ட அளவிலேயே முடியும். ஆகவே ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். 'தண்டனையை நீக்கு' என்பது டெல்லிக்கு. 'இருக்கும் பிரிவுகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்து' என்பது சத்துவாச்சாரிக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் கெடும்.

முதலில் எஃப்.ஐ.ஆரைப் படிக்கத் தெரிய வேண்டும்

கஞ்சா வழக்கு எஃப்.ஐ.ஆரில் '8(சி) உ/இ 20(பி)(2)(ஏ)' என்று இருக்கும். 'உ/இ' என்றால் 'உடன் இணைந்து'. அந்த இரண்டு மட்டும் ரோமன் எண்ணில் அச்சாகியிருக்கும். 8(சி) தடை சொல்கிற பிரிவு, 20 தண்டனை சொல்கிற பிரிவு. கடைசி எழுத்துதான் ஆளின் தலைவிதி. (ஏ) என்றால் ஒரு கிலோவுக்குக் குறைவு: ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (பி) என்றால் அதற்கு மேல், 20 கிலோ வரை: 10 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். (சி) என்றால் 20 கிலோவுக்கு மேல், வணிக அளவு: 10 வருடத்துக்குக் குறையாமல் 20 வருடம் வரை. பிரிவு 37 ஜாமீனுக்குப் போடும் கடும் நிபந்தனைகள் கஞ்சாவைப் பொறுத்தவரை முக்கியமாக இந்த (சி)க்குத்தான்.

ஒரு கிலோ என்ற கோட்டில் ஒரு செங்குத்துப் பள்ளம் இருப்பதைக் கவனியுங்கள். 990 கிராமுக்கு அதிகபட்சம் ஒரு வருடம்; 1,100 கிராமுக்குப் பத்து வருடம். எடையில் பை சேர்ந்ததா, தண்டும் விதையும் சேர்ந்ததா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்தே புரியும். பூ, காய் நுனியோடு சேராத இலையும் விதையும் சட்டத்தின் வரையறைப்படி கஞ்சாவே அல்ல. மனுவில் இதைப் பெரிதாக இழுக்க வேண்டாம். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) கேள்வியில் மட்டும் மறக்காமல் சேருங்கள், கீழே வருகிறது.

கோரிக்கை வாசகத்தில் உள்ள பொறிகள்

'சிறிய அளவு கஞ்சாவுக்குத் தண்டனையை நீக்குக' என்று எழுதுவதுதான் பலரும் முதலில் செய்வது. அது தவறான வாசகம். (ஏ) பிரிவில் வைத்திருப்பவர் மட்டுமில்லை. விற்பவர், வாங்குபவர், கடத்துபவர், வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவருபவர் எல்லோரும் அடக்கம். தன் உபயோகத்துக்கு ஐந்து கிராம் வைத்திருப்பவனுக்கும், 300 கிராமைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பள்ளிக்கூட வாசலில் விற்பவனுக்கும் ஒரே எழுத்துதான். அந்த எழுத்தையே தூக்கச் சொன்னால் விற்பவனையும் விடச் சொன்னதாக ஆகும். எம்.பி. அலுவலகத்தில் அதைப் படிக்கும் உதவியாளர் இந்த ஓட்டையை முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்.

1985-ல் சட்டம் வந்தபோது இப்படி இல்லை. அன்றைய பிரிவு 27, 'சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருத்தல்' என்று தனியாகவே ஒரு குற்றத்தைச் சொன்னது; கஞ்சாவுக்கு அந்த அளவு 500 கிராம், தண்டனை ஆறு மாதம் வரை. சொந்த உபயோகத்துக்குத்தான் என்று நிரூபிக்கும் சுமை மட்டும் பிடிபட்டவர் தலையில் இருந்தது. 2001 திருத்தம் எல்லாவற்றையும் எடைக்கணக்காக மாற்றியது. 'சொந்த உபயோகத்துக்கு வைத்திருத்தல்' என்ற வகை காணாமல் போய், பிரிவு 27 உட்கொள்ளுதலுக்கு மட்டுமானது. 2014 திருத்தம் (ஏ) பிரிவின் ஆறு மாதத்தை ஒரு வருடமாக உயர்த்தியது. ஆகவே உங்கள் மனு புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. சட்டத்தில் ஒரு காலத்தில் இருந்த பிரிவினையைத் திருத்தித் திரும்பக் கேட்கிறது. இந்த வரலாற்றை இரண்டு வாக்கியத்தில் மனுவில் சொல்லுங்கள். 'புரட்சி' வாசனை போய்விடும்.

அடுத்த பொறி, பிரிவு 27(பி). வைத்திருப்பதற்குத் தண்டனை நீங்கினாலும், புகைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அப்படியே நிற்கும். பிரிவு 20(பி)யிலும் 'பயன்படுத்துதல்' என்ற சொல் உண்டு. மூன்று இடத்தையும் சேர்த்துக் கேட்காவிட்டால் கையில் பொட்டலம் வைத்திருப்பவன் தப்புவான், வாயில் வைத்தவன் மாட்டுவான்.

மூன்றாவது, வக்கீல்களே சில சமயம் விட்டுவிடும் பிரிவு 33. 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையில் விடும் நன்னடத்தை விடுதலைச் சட்டத்தின் சலுகை இந்தச் சட்டத்தில் பிரிவு 26, 27-க்கு மட்டும்தான். அதாவது ஒரே பையன், ஒரே பொட்டலம், எஃப்.ஐ.ஆரில் 27 என்று எழுதினால் நன்னடத்தையில் விடலாம், 20(பி)(2)(ஏ) என்று எழுதினால் முடியாது. எழுதுகிற பேனாவைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம் வருவது சரியா என்று கேளுங்கள். மனுவில் வலுவான வாதங்களில் இதுவும் ஒன்று.

நான்காவது, ஜாமீன். பிரிவு 37-ன் தலைப்பு இச்சட்டக் குற்றங்களை ஜாமீனில் விட முடியாதவை என்கிறது. சிறிய அளவு வழக்கு அந்தத் தலைப்புக்குள் அடங்குமா என்பதில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே குரலில் இல்லை. சட்டத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

செடி வளர்ப்பைத் தொடாதீர்கள். பிரிவு 20(ஏ)யில் சிறிய அளவு என்பதே கிடையாது, தொட்டியில் ஒரு செடி இருந்தாலும் 10 வருடம் வரை என்பது அநியாயம்தான். ஆனால் முதல் மனுவில் அதைச் சேர்த்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே ஓடும். சரஸ் (கஞ்சாப் பிசின்), கஞ்சா எண்ணெய்க்கும் இதே பதில்: விடுங்கள்.

எத்தனை கிராம் என்று கேட்பது?

எண் இல்லாத கோரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் பத்து நாள் சொந்த உபயோக அளவை வைத்திருப்பதைக் குற்றவியல் வழக்கிலிருந்து எடுத்துவிட்டது. கஞ்சாவுக்கு அங்கே கணக்கு 25 கிராம். ஜெர்மனி 2024 ஏப்ரலில் பொது இடத்தில் வைத்திருக்க அனுமதித்ததும் 25 கிராம்தான். இந்தியாவின் ஒரு கிலோவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. அதனால்தான் இதையே கேட்கச் சொல்கிறோம்: 25 கிராம் வரை சொந்த உபயோகம் என்று அனுமானம், அதை உடைக்கும் சுமை அரசுத் தரப்பில். தராசு, ஒரே அளவில் கட்டிய பல பொட்டலங்கள், விற்பனைக் கணக்கு கிடைத்தால் அனுமானம் போகும். 500 கிராம் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

சிறைக்குப் பதில் என்ன என்பதையும் நீங்களே எழுத வேண்டும். 2023-ல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 விதிகளைத் திருத்தி, பல இடங்களில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, அதிகாரியே விதிக்கும் பணத் தண்டமாக மாற்றியது. அந்த வாசக அமைப்பை அப்படியே பின்பற்றச் சொல்லலாம். மாதிரி இது:

'பிரார்த்தனை: (1) என்.டி.பி.எஸ். சட்டத்தில் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்து, 18 வயது நிறைந்தவர் சொந்தப் பயன்பாட்டுக்காக 25 கிராமுக்கு மிகாத கஞ்சாவை வைத்திருப்பதையும் உட்கொள்வதையும் பிரிவு 20(பி), 27(பி) ஆகியவற்றின் தண்டனையிலிருந்து விலக்கி, பணத் தண்டத்துக்கு அல்லது ஆலோசனைக்கு மட்டும் உரியதாக்கவும். (2) விற்பனை, சிறாருக்கு வழங்குதல் ஆகியவற்றுக்கு இவ்விலக்கு பொருந்தாது எனக் குறிப்பிடவும். (3) 25 கிராமுக்கு மேல், ஒரு கிலோவுக்குக் குறைவான அளவுக்கான குற்றம் ஜாமீனில் விடத்தக்கது எனத் தெளிவுபடுத்தவும், அதற்குப் பிரிவு 33-ன் தடையை நீக்கவும். (4) இவ்வகையில் முன்பு தண்டனை பெற்றவர்களின் பதிவு, வேலைவாய்ப்புக்கான காவல் சரிபார்ப்பில் காட்டப்படாதிருக்க வழி செய்யவும் வேண்டுகிறோம்.'

நான்காவது வேண்டுதல் நம் பக்கத்துக்கு மிக முக்கியம். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் உள்ள மாவட்டம் இது. வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறவர்களும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் சரிபார்ப்புச் சான்று கேட்கப்படுகிறவர்களும் அதிகம். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். 2,000 ரூபாய் அபராதம் கட்டி வழக்கை முடித்தவனுக்கும் குற்றவாளி என்ற முத்திரை போகாது. வக்கீல் இல்லாமல் 'ஒப்புக்கொண்டு கட்டிவிடு' என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எண்ணிக்கை திரட்ட ஆர்.டி.ஐ.

மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம்.

'ஏன் கைது செய்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். கருத்துக் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: '1.1.2022 முதல் 31.12.2024 வரை, ஆண்டு வாரியாக, காவல் நிலைய வாரியாக: அ) பிரிவு 20(பி)(2)(ஏ)ன் கீழ் பதிவான வழக்குகள், கைதானவர்கள் எண்ணிக்கை, ஆ) அவற்றில் கைப்பற்றிய எடை 25 கிராமுக்குள், 26 முதல் 100, 101 முதல் 999 கிராம் என எத்தனை, இ) பிரிவு 20(பி)(2)(பி) வழக்குகளில் எடை 1,000 முதல் 1,500 கிராமுக்குள் எத்தனை, ஈ) பிரிவு 27-ன் கீழ் எத்தனை, உ) கைதுக்குப் பதில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 41ஏ அல்லது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுத்தவை எத்தனை; ஊ) எடை போடும்போது தண்டு, விதை, உறை நீக்குவது குறித்த சுற்றறிக்கை இருப்பின் நகல்.'

(இ) கேள்வியின் நோக்கம் புரிந்திருக்கும். ஒரு கிலோக் கோட்டைச் சற்றே தாண்டிய வழக்குகள் அதிகமா இல்லையா என்று எண்ணே சொல்லட்டும். மனுவில் யார் மீதும் பழி போட வேண்டியதில்லை.

'தகவல் தொகுக்கப்படவில்லை' என்ற பதில்தான் அதிகம் வரும். அப்போது மேல்முறையீட்டில், தொகுத்துத் தர வேண்டாம், மாதாந்திரக் குற்ற அறிக்கைப் பக்கங்களின் நகல் போதும் என்று மாற்றிக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். அல்லது நேரில் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். பெயரோ முகவரியோ கேட்டால் தனிநபர் தகவல் என்று மொத்த மனுவையே மறுக்க இடம் கொடுத்ததாகும்.

எல்லைக் குழப்பம் இங்கே நிறைய. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனி மனு வேண்டும். திருவண்ணாமலை 1989-லேயே போய்விட்டது. காட்பாடி ஜங்ஷனில் பிடிபட்டவை ரயில்வே போலீஸ் கணக்கு, மாவட்ட எஸ்.பி. தரும் பட்டியலில் வராது. ஆந்திராவிலிருந்து வரும் ரயில்கள் நிற்கும் இடம் என்பதால் அதை விட்டால் படம் பாதிதான். போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகமான என்.சி.பி.க்கு ஆர்.டி.ஐ. போட்டுப் பத்து ரூபாயை வீணாக்காதீர்கள்; ஊழல், மனித உரிமை மீறல் தவிர்த்த விஷயங்களில் அந்த அமைப்புக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது.

கோர்ட் விவரத்துக்கு இ-கோர்ட்ஸ் தளம் உண்டு. மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்து, 'ஆக்ட்' என்ற தேடலில் என்.டி.பி.எஸ். போட்டால் நிலுவை, முடிந்தவை தனித்தனியாக வரும். வேலூர், குடியாத்தம் என்று ஒவ்வொரு வளாகமாகப் பார்க்க வேண்டும். மாநில அளவுக்கு தேசியக் குற்றப் பதிவுப் பணியகத்தின் ஆண்டு அறிக்கையில் சொந்த உபயோகம், கடத்தல் என்று இரண்டு பத்தியாகப் பிரித்தே போட்டிருக்கிறார்கள். நாட்டளவுக்கு, எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு: பாங்கு உட்பட ஏதேனும் ஒரு கஞ்சாச் செடிப் பொருளை ஓராண்டில் பயன்படுத்தியவர் 3.1 கோடி, அதில் சட்டவிரோதமான கஞ்சா, சரஸ் மட்டும் 1.3 கோடி. அத்தனை பேரையும் ஜெயிலில் வைக்க முடியாது என்று மனுவில் எழுதத் தேவையில்லை. எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

டெல்லி மனு: யார் கையெழுத்து, எந்த மொழி

மக்களவைக்குப் பொதுமக்கள் மனு கொடுக்க விதி இருக்கிறது. பொதுநலன் சார்ந்ததாக இருக்க வேண்டும். கோர்ட்டில் இருக்கும் வழக்கைத் தொடக்கூடாது. மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய விஷயமாக இருக்கக்கூடாது. மனு அவையை நோக்கி எழுதப்பட்டு, திட்டவட்டமான பிரார்த்தனையோடு முடிய வேண்டும். தமிழில் எழுதலாம், ஆனால் மனுதாரர் கையெழுத்திட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு கூடவே இருக்க வேண்டும். கையெழுத்திடும் ஒவ்வொருவரும் முழுப்பெயர், முகவரி எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். பிரமாண வாக்குமூலம், கடிதம், பேப்பர் கட்டிங் எதையும் இணைக்கக்கூடாது. இது தெரியாமல் ஆர்.டி.ஐ. பதில்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து அனுப்பினால் மனு விதிக்குப் புறம்பாகிவிடும். எண்களை மனுவுக்குள்ளேயே வாக்கியமாக எழுதுங்கள்; நகல்களை எம்.பி.யிடம் தனிக் கவரில் கொடுங்கள்.

எம்.பி. அவையில் சமர்ப்பிப்பதாக இருந்தால் அவர் மேலொப்பம் இட வேண்டும். எந்த எம்.பி. என்பதில் நம்மூரில் ஒரு குழப்பம் உண்டு. காட்பாடிக்காரர்கள் வேலூர் எம்.பி. அலுவலகத்துக்குப் போவார்கள், காட்பாடி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கரும் அரக்கோணமே. வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகியவை வேலூர் தொகுதி. ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலைத் தொகுதியில். போளூர், ஆரணி, செய்யாறு ஆரணித் தொகுதியில். தன் தொகுதி வாக்காளர் கையெழுத்து இல்லாத மனுவை எம்.பி. அலுவலகம் ஓரமாகத்தான் வைக்கும்.

தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள் என்று எம்.பி.யிடம் கேட்பதில் பெரிய பலன் இல்லை. 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் சட்டமானதில்லை. அதைவிட, நிதி அமைச்சகத்துக்கு எழுத்துமூலப் பதிலுக்கான ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்தச் சட்டம் உள்துறையிடம் இல்லை, நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. கேள்வியை உள்துறைக்கு அனுப்பினால் சுற்றிச் சுற்றி வரும். சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று சமூக நீதி அமைச்சகம் வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்ததாக 2021-ல் செய்தி வந்தது. அந்தப் பரிந்துரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதே நல்ல கேள்வி. அதன் நகலை ஆன்லைன் ஆர்.டி.ஐ.யில் நீங்களும் தனியாகக் கேளுங்கள்.

சத்துவாச்சாரி மனு

இதில் 'சட்டத்தை மாற்று' என்ற சொல்லே வரக்கூடாது. நான்கு விஷயம் போதும்.

ஒன்று, ஏழு வருடத்துக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றத்தில் கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)ன் கீழ் நோட்டீஸ் கொடுக்கலாம். பழைய சட்டத்தின் 41ஏ இதுதான். இயந்திரத்தனமாகக் கைது செய்யாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது. (ஏ) பிரிவு வழக்குகளில் இதைப் பின்பற்ற ஸ்டேஷன்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி எஸ்.பி.யிடம் கேளுங்கள்.

இரண்டு, பிரிவு 64ஏ. சிறிய அளவு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். இதைக் கைதான அன்றே குடும்பத்துக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. நடைமுறையில் வேண்டியவை: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் அடிமைநிலை குறித்த மருத்துவச் சான்று, சேர்க்கைச் சீட்டு, முடிவில் டிஸ்சார்ஜ் சம்மரி. இவற்றோடு வக்கீல் மனுப் போட வேண்டும். தனியார் மையம் என்றால் அரசு அங்கீகார நகலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கோர்ட் முதலில் அதைத்தான் கேட்கும். தண்டனை வரை போய்விட்டால் பிரிவு 39 இருக்கிறது: அடிமைநிலையில் உள்ளவரைச் சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம்.

இரண்டும் 'அடிமை' என்று நிரூபிக்க முடிந்தவருக்கே. காலேஜில் முதல்முறை இழுத்துப் பார்த்துப் பிடிபட்டவனுக்கு இந்தக் கதவு கிடையாது. பழகியவன் தப்ப வழியுண்டு, பழகாதவனுக்கு இல்லை. இந்த முரண்பாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு டெல்லி மனுவில் சேருங்கள்.

மூன்று, ரிமாண்டுக்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல். அதன் எண் 15100. நான்கு, போதை மீட்பு உதவி எண் 14446 ஸ்டேஷன் பலகையில் எழுதப்பட வேண்டும். சின்ன விஷயம், செலவில்லாதது, அதனாலேயே முதலில் நடக்கும்.

கூட்டத்தில் எழும் கேள்விகள்

'சின்னப் பசங்க கெட்டுப்போவாங்களே' என்று தாய்மார்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-ன்படி ஏழு வருடம் வரை கடுங்காவல். உங்கள் கோரிக்கை அதைத் தொடவில்லை என்று பிரார்த்தனையின் இரண்டாம் எண்ணைப் படித்துக் காட்டுங்கள். போதையில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185 அப்படியே இருக்கும். கஞ்சா உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று மட்டும் மேடையில் சொல்லாதீர்கள், அது உண்மையில்லை. இளம் வயதில் தொடங்கி அதிகம் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் அபாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பையன் போக வேண்டிய இடம் தொரப்பாடி ஜெயிலா, மனநலப் பிரிவா என்று அதே உண்மையை வைத்துத்தான் பேச வேண்டும்.

'சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறதே' என்பது படித்தவர் கேள்வி. 1988 ஐ.நா. ஒப்பந்தமே, சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதில் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை, மறுவாழ்வு கொடுக்க நாடுகளுக்கு இடம் விட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து எடுத்தபோது இந்தியா ஆதரித்தே வாக்களித்தது.

கெட்டுப்போகும் இடங்கள்

மனுவிலோ கூட்டத்திலோ 'நானும் அடிப்பவன்தான்' என்று யாரும் சொல்ல வேண்டாம், எழுதவே வேண்டாம். பிரிவு 27 இன்னும் உயிரோடு இருக்கிறது. நிலுவையில் வழக்கு உள்ளவர்களை முதல் கையெழுத்தாகப் போடாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், டாக்டர், வக்கீல், பிள்ளையின் வழக்கு முடிந்துபோன தாய் என்று வரிசை இருக்கட்டும். குறிப்பிட்ட ஒருவரின் வழக்கை மனுவுக்குள் இழுக்காதீர்கள்.

நோட்டீஸில் கஞ்சா இலைப் படம் போடுவது இளைஞர்களுக்குப் பிடிக்கும். போட்டால் பேச்சு சட்டத்தைவிட்டு இலைக்குப் போய்விடும், மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பார். சட்டத்தை மாற்றக் கேட்பது அரசியலமைப்பு 19(1)(ஏ) தரும் பேச்சுரிமைக்குள் வருவது. ஆனாலும் கூட்டத்துக்கு முன் காவல் நிலையத்தில் தேதி, இடம், பேச்சாளர் பெயரோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

தபாலை ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். எம்.பி. அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது மனு அவர் கையில் இருக்க வேண்டும். கேள்விக்கு நோட்டீஸ் கொடுக்கவே அவருக்குப் பல நாள் அவகாசம் தேவை. பதில் வராவிட்டால் அடுத்த தொடருக்கு முன் அதே மனுவைப் புதுப்பித்த எண்களோடு மறுபடி கொடுங்கள். பழைய மனுவின் தேதியும் ஒப்புகை எண்ணும் முதல் பத்தியில் இருக்கட்டும்.